மேகத்துல என்ன இருக்கு? - 1961ல் இருந்து மாமா கடை வரைக்கும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப மாமா ஒரு கேள்வி கேட்டார். "ஏல மருமவனே, நம்ம கணக்கு இப்ப எங்கல இருக்கு?"

சங்கரன்கோவில்ல பெயிண்ட், பைப்பு, ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் விக்கிற சின்ன ஹார்டுவேர் கடை அவருக்கு. நான் சென்னையில பொட்டி தட்டுறவன். நாள் முழுக்க கிளவுட்லதான் வேலை. காலேஜ்ல கிளவுட் கம்ப்யூட்டிங்கை எலெக்டிவா எடுத்து, ஐந்து குணாதிசயங்களை மனப்பாடம் பண்ணி 16 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதினவன். ஆனா மாமா கேட்ட அந்த ஒரு வரி கேள்விக்கு என்கிட்ட ஒழுங்கான பதில் இல்ல. "கிளவுட்ல இருக்கு மாமா"ன்னேன். அவர் அண்ணாந்து பார்த்தார். நக்கல் இல்ல மக்களே, நிஜமாவே கடை வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்தார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார்னு கடைசியில சொல்றேன். அதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படிக்க ஆரம்பிச்சு, 2006ல நிறுத்தணும்னு நினைச்சது 1961ல போய் நின்னுச்சு. இந்தப் பதிவு அந்தக் கதைதான். நீளம் ஜாஸ்தி, டீ வாங்கிட்டு வந்து உக்காருங்க.

ஒரு மாஸ்டர், முப்பது டேபிள்

1950கள்ல கம்ப்யூட்டர்னா ஒரு பெரிய அறை. விலை மில்லியன் டாலர் கணக்கு. பெரும்பாலான கம்பெனிகள் ஐபிஎம் கிட்ட மாச வாடகைக்குத்தான் எடுத்தாங்க. அப்பவே வாடகைதான், கவனிங்க. புரோகிராமை அட்டையில ஓட்டை போட்டு எழுதி, கட்டாக் கட்டி ஆபரேட்டர் கிட்ட குடுக்கணும். அவர் வரிசையில வச்சு ஓட்டுவார். ரிசல்ட் சாயங்காலமோ மறுநாளோ வரும். ஒரு கமா விட்டுப் போச்சுன்னா அன்னிக்குப் பொழப்பு அவ்வளவுதான்.

மிஷின் விலை அதிகம், அதனால அது சும்மா இருக்கக் கூடாது, மனுஷன் காத்திருக்கலாம். அந்தக் காலத்து நியாயம் அது. இதை மாத்தணும்னு நினைச்சவங்கள்ல முக்கியமானவர் ஜான் மெக்கார்த்தி. செயற்கை அறிவுத் துறைக்கு ஆங்கிலப் பேர் வச்சவரும் இவர்தான். ஒரே கம்ப்யூட்டரை நிறைய பேர் ஒரே நேரத்துல பயன்படுத்தலாம்ங்கிறது அவரோட வாதம். ஒருத்தர் யோசிச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல மிஷின் இன்னொருத்தரைக் கவனிச்சுக்கலாமே?

நம்ம ஊர் பரோட்டா கடையை நினைச்சுக்கங்க. ஒரு கல்லு, ஒரு மாஸ்டர், முப்பது டேபிள். ஒவ்வொருத்தரும் 'எனக்குத்தான் போடுறார்'னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. அதுக்குப் பேர் டைம் ஷேரிங்.

1961ல எம்ஐடியோட நூற்றாண்டு விழாவுல மெக்கார்த்தி பேசினார். டெலிபோன் மாதிரி, கம்ப்யூட்டிங்கும் ஒரு நாள் பொதுச் சேவையா மாறலாம், பயன்படுத்துறதுக்கு மட்டும் காசு குடுக்கலாம்ங்கிற கருத்தை அங்க சொன்னார். அதாவது நம்ம ஈபி மீட்டர் மாதிரி. இன்னிக்கு கிளவுட் கம்பெனிகள் விளம்பரத்துல சொல்ற அதே விஷயம், அறுபது வருஷத்துக்கு முன்னாடி!

அதே வருஷம் நவம்பர்ல எம்ஐடியில ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவோட குழு சிடிஎஸ்எஸ்ங்கிற சிஸ்டத்தை ஓட்டிக் காட்டிச்சு. தட்டச்சு மிஷின் மாதிரி ஒரு டெர்மினல் முன்னாடி உக்காந்து நேரா கம்ப்யூட்டர் கிட்ட பேசலாம். அறுபதுகளோட நடுவுல ஒருத்தருக்கொருத்தர் மெயில் அனுப்புற வசதியும் அதுல வந்துடுச்சு. கோர்பாட்டோவுக்கு 1990ல டூரிங் விருது கிடைச்சது.

பாஸ்வேர்ட் பொறந்தது, அப்பவே களவு போனது

பல பேர் ஒரே மிஷினைப் பயன்படுத்தினா ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் பார்த்துடக் கூடாது இல்லையா? அதுக்காக சிடிஎஸ்எஸ்ல பாஸ்வேர்ட் வச்சாங்க. இன்னிக்கு நம்ம உயிரை எடுக்கிற பாஸ்வேர்டோட மூதாதை அதுதான்.

1962லயே அதைத் திருடிட்டாங்க. ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம்னு கம்ப்யூட்டர் நேரம் ஒதுக்கியிருந்தாங்க, அது பத்தல. என்ன பண்ணார்? பாஸ்வேர்ட் ஃபைலையே பிரிண்ட் எடுத்துக் குடுன்னு மிஷின் கிட்டயே கேட்டு வாங்கிட்டார். அப்புறம் அடுத்தவங்க கணக்குல நுழைஞ்சு வேலையைப் பார்த்தார். பல வருஷம் கழிச்சு அவரே இதை வெளியில சொன்னார்.

இன்னொண்ணு இதை விட பெரிய கூத்து. அதே அறுபதுகள்ல ஒரு நாள், நிர்வாகிகள் ரெண்டு பேர் ஒரே நேரத்துல ரெண்டு ஃபைலைத் திருத்திக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு பாஸ்வேர்ட் ஃபைல். இன்னொண்ணு லாகின் பண்ணதும் எல்லாருக்கும் காட்டுற 'இன்றைய அறிவிப்பு'. எடிட்டரோட தற்காலிக ஃபைல் ரெண்டுக்கும் ஒண்ணாப் போனதுல ரெண்டும் இடம் மாறிடுச்சு. யார் லாகின் பண்ணாலும் ஊர்ல இருக்கிற அத்தனை பேர் பாஸ்வேர்டும் வரிசையா அச்சாகி வருது! அவ்வ்வ்...

இதை ஏன் சொல்றேன்னா, 'அடுத்தவன் பொட்டியில நம்ம பொருளை வச்சா பத்திரமா இருக்குமா'ங்கிற மாமாவோட பயம் புதுசு இல்ல. வாடகைக் கம்ப்யூட்டர் பொறந்த வீட்டுலயே அந்தப் பயமும் கூடப் பொறந்துடுச்சு.

கரண்ட் மாதிரி கம்ப்யூட்டர்

சிடிஎஸ்எஸ்ஸோட வெற்றிக்கு அப்புறம் எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூணும் சேர்ந்து அறுபதுகளோட நடுவுல மல்டிக்ஸ்னு ஒரு சிஸ்டத்தை ஆரம்பிச்சாங்க. நோக்கமே பொதுச் சேவைதான். கரண்ட், டெலிபோன் மாதிரி ராத்திரி பகலா நிக்காம ஓடணும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே பாகங்களைக் கழட்டி மாட்ட முடியணும்.

வேலை இழுத்துக்கிட்டே போச்சு. 1969ல பெல் லேப்ஸ் கழண்டுக்கிச்சு. அங்க அந்த வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும், இவ்வளவு பெருசா வேணாம், சின்னதா ஒண்ணு பண்ணலாம்னு ஆரம்பிச்சதுதான் யூனிக்ஸ். இன்னிக்கு கிளவுட் சர்வர்கள்ல பெரும்பாலானது ஓடுறது லினக்ஸ்ல. லினக்ஸோ யூனிக்ஸ் வழியில வந்தது. தோத்துப் போனதா சொல்லப்பட்ட மல்டிக்ஸோட பேரன்தான் மெக்கார்த்தியோட கனவை நிறைவேத்தினான்னு சொல்லலாம். மல்டிக்ஸும் உடனே சாகல. கடைசி மல்டிக்ஸ் மிஷினை கனடா ராணுவத் துறை 2000 அக்டோபர்லதான் நிறுத்திச்சு.

இதுக்கு நடுவுல டைம் ஷேரிங் வியாபாரமும் சூடு பிடிச்சது. டெலிபோன் லைன்ல ஒரு டெலிடைப் மிஷினை மாட்டிக்கிட்டா, எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம், நேரத்துக்குக் காசு. 1968ல சியாட்டில்ல லேக்சைட்னு ஒரு பள்ளிக்கூடம். அங்க படிக்கிற பசங்களோட அம்மாமார்கள் பழைய சாமான் விற்பனை நடத்தி, வந்த காசுல இந்த மாதிரி ஒரு டெர்மினலும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் நேரமும் வாங்கிக் குடுத்தாங்க. பசங்க விழுந்து விழுந்து பயன்படுத்தினதுல காசு சீக்கிரமே காலி. அந்தப் பசங்கள்ல ரெண்டு பேர் பில் கேட்ஸும் பால் ஆலனும்.

மீட்டர் ஓடுறது தெரியாம ஓட விட்டுட்டு, மாசக் கடைசியில பில்லைப் பார்த்து மயக்கம் போடுறது இன்னிக்கு கிளவுட் பயன்படுத்துற எல்லா ஆபீஸ்லயும் நடக்கும். நானும் ஒரு டெஸ்ட் சர்வரை வெள்ளிக்கிழமை நிறுத்த மறந்துட்டு திங்கக்கிழமை மேனேஜர் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். முன்னோர் வழி!

சொந்தப் பொட்டி வந்த கதை

இவ்வளவு நல்லா போய்க்கிட்டு இருந்தது ஏன் நின்னுச்சு? சிப் விலை விழுந்துச்சு. 1975ல ஆல்டேர், 1977ல ஆப்பிள் 2, 1981ல ஐபிஎம் பிசி. மேசை மேலயே ஒரு சொந்தக் கம்ப்யூட்டர். மீட்டர் கிடையாது, யார் கிட்டயும் அனுமதி கேட்க வேணாம், ராத்திரி ரெண்டு மணிக்குப் பாஸ்வேர்ட் கேட்டு யாரும் துரத்த மாட்டாங்க.

வாடகை வீட்டுல இருந்தவங்க சொந்த வீடு கட்டிக்கிட்டுப் போன மாதிரி. ஆனா சொந்த வீடுன்னா ஒட்டடை அடிக்கிறதும் நாமதான், ஓடு மாத்துறதும் நாமதான். ஹார்ட் டிஸ்க் போச்சா, உன் பாடு. வைரஸ் வந்துச்சா, உன் பாடு. கம்பெனிகள்ல இது இன்னும் மோசம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சர்வர் வாங்கிப் போட்டு, அதுல பெரும்பாலானது நாள் முழுக்க சும்மா சூடாகிக்கிட்டு இருந்துச்சு. தீபாவளி வியாபாரத்துக்கு வேண்டிய அளவு மிஷின் வாங்கினா மீதிப் பதினோரு மாசம் அது தூங்கும். பதினோரு மாசத்துக்கு வேண்டிய அளவு வாங்கினா தீபாவளி அன்னிக்கு சைட்டு படுத்துடும்.

லைன் வீடு

இந்த வீணாப் போறதைத் தடுக்க ஒரு பழைய வித்தை திரும்பி வந்துச்சு. ஒரு மிஷினைப் பல மிஷின் மாதிரி காட்டுற வித்தை. ஐபிஎம் இதை அறுபதுகள்லயே தன்னோட ஆராய்ச்சிக் கூடத்துல பண்ணி, 1972ல விஎம்/370ன்னு விற்பனைக்கே விட்டுச்சு. ஆனா அது பெரிய மிஷின்களுக்கு. நம்ம சாதாரண இன்டெல் சிப்புல அது முடியாதுன்னு நிறைய பேர் நினைச்சாங்க. 1998ல ஆரம்பிச்ச விஎம்வேர் 1999ல முடியும்னு காட்டிச்சு. 2003ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல இருந்து ஜென்ங்கிற மென்பொருள் இலவசமா, மூல நிரலோட வந்துச்சு.

லைன் வீடு பார்த்திருப்பீங்க. ஒரே காம்பவுண்டு, ஒரே கிணறு, நடுவுல சுவர் வச்சு எட்டுக் குடித்தனம். ஒவ்வொருத்தருக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஒரு குடித்தனம் காலி பண்ணா வெள்ளையடிச்சு அடுத்தவங்களுக்கு விடலாம். விர்ச்சுவல் மிஷின் இதுதான். இது இல்லாம கிளவுட் இல்ல.

கேப் டவுன்ல ஒரு குழு

இனி 2006. அமேசான் பத்தி எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு உண்டு: கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு வாங்கின சர்வர் மீதி நாள்ல சும்மா கிடந்துச்சு, அதை வாடகைக்கு விட்டாங்கன்னு. எங்க காலேஜ்ல கூட இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. கேட்க நல்லா இருக்கு, ஆனா உண்மை இல்ல. அமேசானோட தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸே இதை மறுத்திருக்கார். யோசிச்சுப் பாருங்க, அடுத்த கிறிஸ்துமஸ் வந்தா வாடகைக்கு இருக்கிறவனை வெளியே தள்ளவா முடியும்?

நடந்தது வேற. அமேசான்ல ஒவ்வொரு குழுவும் புதுசா எதையாவது ஆரம்பிக்கும்போது சர்வர், டேட்டாபேஸ், ஸ்டோரேஜ்னு அதே அடித்தளத்தைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. மாசக்கணக்குல நேரம் போச்சு. 2003ல கிறிஸ் பிங்கமும் பெஞ்சமின் பிளாக்கும் அடித்தளத்தையே ஒழுங்குபடுத்தலாம், அதை வெளியாளுக்கும் விக்கலாம்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுத்தாங்க. பிங்கம் தென்னாப்பிரிக்காக்காரர். ஊருக்குத் திரும்பணும்னு நினைச்சார். கம்பெனி அவரை விடாம, கேப் டவுன்லயே ஒரு ஆபீஸ் போட்டுக் குடுத்துச்சு. இசி2ங்கிற வாடகைக் கம்ப்யூட்டர் சேவை அங்க உருவானதுதான். அடியில ஓடினது அந்த ஜென்.

முதல்ல வந்தது ஸ்டோரேஜ். 2006 மார்ச் 14, எஸ்3. ஒரு ஜிபிக்கு மாசம் 15 சென்ட். ஆகஸ்ட்ல இசி2 சோதனைக்கு வந்துச்சு. ஒரு மிஷின், ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட். கிரெடிட் கார்டு இருந்தாப் போதும். சேல்ஸ்மேன் கிடையாது, டெண்டர் கிடையாது, மூணு வருஷ ஒப்பந்தம் கிடையாது.

இதோட அருமை புரியணும்னா நியூயார்க் டைம்ஸ் கதையைப் பாருங்க. 2007ல அவங்க 1851ல இருந்து இருந்த பழைய செய்திகள், மொத்தம் 1 கோடியே 10 லட்சம், எல்லாத்தையும் பிடிஎஃப்பா மாத்த வேண்டியிருந்துச்சு. டெரெக் காட்ஃப்ரிட்னு அங்க வேலை பார்த்த ஒரு புரோகிராமர் 4 டெராபைட் படங்களை எஸ்3ல ஏத்தி, 100 மிஷினை வாடகைக்கு எடுத்து, ஒரு நாளைக்குள்ள முடிச்சுட்டார். முடிஞ்சதும் மிஷினைத் திருப்பிக் குடுத்தாச்சு. 100 சர்வர் வாங்கித் தாங்கன்னு அவர் முதலாளி கிட்ட போய் நின்னிருந்தா என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

மண்டபக் கணக்கு

'கிளவுட்'ங்கிற பேர் எங்க இருந்து வந்துச்சு? நெட்வொர்க் படம் வரையும்போது, 'இதுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குக் கவலை வேணாம்'ங்கிற இடத்துல ஒரு மேகத்தை வரைஞ்சு விடுறது பழைய வழக்கம். 2006 ஆகஸ்ட்ல கூகுளோட எரிக் ஷ்மிட் ஒரு மாநாட்டுல இந்தச் சொல்லைப் பயன்படுத்தினதுக்கு அப்புறம் அது பரவலாச்சு. 2011ல அமெரிக்காவோட தரநிலை நிறுவனம் நிஸ்ட் ஒரு வரையறை குடுத்துச்சு. நான் மனப்பாடம் பண்ண ஐந்து குணாதிசயம் அதுல இருந்து வந்ததுதான்.

சாதாரண ஆளுங்க அதுக்கு முன்னாடியே மேகத்துல ஏறிட்டாங்க. 1996 ஜூலை 4 அன்னிக்கு சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலை ஆரம்பிச்சாங்க. கடிதம் உங்க பொட்டியில இல்ல, அவங்க பொட்டியில. 2004 ஏப்ரல் 1 அன்னிக்கு ஜிமெயில் ஒரு ஜிபி தர்றோம்னு சொன்னப்ப முட்டாள்கள் தின ஜோக்குன்னு நிறைய பேர் நினைச்சாங்க. அப்ப ஹாட்மெயில்ல இலவசமா கிடைச்சது 2 எம்பி.

நம்ம பக்கத்துக் கதையும் ஒண்ணு. 1996ல அட்வென்ட்நெட்ங்கிற பேர்ல தொடங்கின கம்பெனி, 2005ல ஸோஹோ ரைட்டர்னு பிரவுசர்லயே கடிதம் அடிக்கிற சேவையை விட்டுச்சு. 2009ல கம்பெனி பேரையே ஸோஹோன்னு மாத்திக்கிச்சு. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில அவங்க ஆபீஸ் இருக்கு. மாமா கடையில இருந்து பஸ்ல போற தூரம்தான். மேகம்னு அண்ணாந்து பார்க்க வேண்டாம், குற்றாலம் போற வழியிலயே அதைக் கட்டுறவங்க இருக்காங்கன்னு சொன்னப்ப மாமா முகத்துல முதல் தடவை ஒரு தெளிவு வந்துச்சு.

மூணு வகை கிளவுடை அவருக்கு நான் மண்டபக் கணக்குல சொன்னேன். வெறும் மண்டபம் மட்டும் வாடகைக்கு எடுத்து, சமையல்காரர், பாத்திரம், பலசரக்கு எல்லாம் நாமே கொண்டு போறது ஒரு வகை. இசி2 அது. மண்டபத்துலயே பாத்திரமும் சமையல்காரரும் இருக்கு, சாமானும் மெனுவும் மட்டும் நாம குடுக்கிறது ரெண்டாவது வகை. புரோகிராமை மட்டும் குடுத்தா அவங்க ஓட்டிக் குடுப்பாங்க. இலைக்கு இவ்வளவுன்னு காண்ட்ராக்ட் விட்டுட்டு நாம கையை வீசிக்கிட்டுப் போறது மூணாவது வகை. ஜிமெயில், பில் போடுற ஆன்லைன் சாஃப்ட்வேர் எல்லாம் அதுல வரும்.

"சாப்பாடு ஊசிப் போச்சுன்னா?" இது மாமா. அங்கதான் விஷயம் இருக்கு.

மேகம் கலையும்

2017 பிப்ரவரி 28. எஸ்3ல பில்லிங் சிஸ்டம் மெதுவா ஓடுதுன்னு பார்த்துக்கிட்டு இருந்த ஒரு ஊழியர், சில சர்வர்களை நிறுத்த ஒரு கட்டளை அடிச்சார். அதுல ஒரு உள்ளீடு தப்பு. நினைச்சதை விட நிறைய சர்வர் நின்னுச்சு. திரும்ப எழுப்ப 4 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எண்ணில்லாத சைட்டுகள் படுத்துச்சு. இதுல வேடிக்கை, 'எங்க சேவை இப்ப எப்படி இருக்கு'ன்னு காட்டுற அமேசானோட பக்கமே எஸ்3யை நம்பி இருந்ததால, அதையும் மாத்த முடியல.

2021 மார்ச் 10. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர்ல தீ. ஒரு கட்டிடம் முழுசா எரிஞ்சு போச்சு. ரஸ்ட்ங்கிற கேமோட ஐரோப்பிய சர்வர்கள்ல இருந்தது அத்தனையும் போயே போச்சு.

2025 செப்டம்பர் 26. தென்கொரியாவோட டேஜான் நகரத்துல அரசு டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரியில தீ. அரசு ஊழியர்கள் தங்களோட ஃபைல்களை வச்சிருந்த ஜி-டிரைவ்ங்கிற ஸ்டோரேஜ், 858 டெராபைட், காலி. அளவு ரொம்பப் பெருசா இருந்ததால வெளியில பேக்கப் வைக்கலன்னு சொன்னாங்க. தொழில்நுட்பத்துல உலகமே பார்த்துப் பொறாமைப்படுற நாடு, ஞாபகம் இருக்கட்டும்.

மூணுலயும் ஒரே பாடம்தான். மேகம்ங்கிறது எங்கேயோ ஒரு ஊர்ல இருக்கிற ஒரு கட்டிடம். அதுக்கு ஏசி உண்டு, பேட்டரி உண்டு, தூக்கக் கலக்கத்துல கட்டளை அடிக்கிற ஆளும் உண்டு.

என் தப்பு

இனி நான் சொல்றேன்னு சொன்னது. ரெண்டு வருஷம் முன்னாடி மாமா கடை கம்ப்யூட்டர்ல ஒரு கிளவுட் ஃபோல்டரைப் போட்டுக் குடுத்தது நான்தான். கொள்முதல் பில் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அதுல போடச் சொன்னேன். 'இனி பேப்பர் வேணாம் மாமா, எடைக்குப் போட்டுடுங்க'ன்னு சொன்னதும் நான்தான். படிச்ச மருமகன் சொல்றான்னு அவரும் மூணு சாக்கு மூட்டையை எடைக்குப் போட்டார்.

ஒரு நாள் கம்ப்யூட்டர்ல இடம் இல்லன்னு காட்டியிருக்கு. கடைப் பையன் 'பழைய பில்'னு இருந்த ஃபோல்டரை அழிச்சுட்டான். அவன் மேல தப்பே இல்ல, எல்லாம் மேல இருக்குன்னுதானே நான் சொல்லியிருந்தேன்! ஆனா அது பேக்கப் இல்ல, சிங்க். இங்க அழிச்சா அங்கயும் அழியும். குப்பைத் தொட்டியில 30 நாள் இருந்துச்சு, அப்புறம் அதுவும் போச்சு. ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்து ஆடிட்டர் பில் கேட்டப்ப ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு.

மதுரை, திருநெல்வேலின்னு சப்ளையர் சப்ளையரா மாமா ஏறி இறங்கி நகல் பில் வாங்கினார். அறுபது வயசுல மூணு வாரம். ரெண்டு கடை மூடியே போயிருந்துச்சு. அந்த வகையில வரியும் வட்டியுமா 38 ஆயிரம் கையை விட்டுக் கட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லல. பொங்கலுக்குப் போனப்ப அந்தக் கேள்வியை மட்டும் கேட்டார். நம்ம கணக்கு இப்ப எங்கல இருக்கு?

கிளவுட் கம்பெனி மேல பழி போட முடியாது. அது சொன்னதைச் செஞ்சது. நான்தான் இலைக் காண்ட்ராக்ட் விட்டா பந்தியில நிக்க வேணாம்னு நினைச்சுட்டேன்.

இப்ப பதில்

ரெண்டு நாள் உக்காந்து எல்லாத்தையும் மாத்தினேன். உங்க வீட்டுல, கடையில யாராவது கேட்டா இதையே சொல்லுங்க:

1. சிங்க் வேற, பேக்கப் வேற. அழிச்சாலும் பழைய பிரதி நிக்குற மாதிரி இருக்கணும்.

2. ரெண்டு பிரதி, ரெண்டு இடம். ஒண்ணு கிளவுட்ல, ஒண்ணு கடையில இல்லாம வீட்டு பீரோவுல இருக்கிற ஹார்ட் டிஸ்க்ல.

3. எந்த ஊர்ல இருக்குன்னு கேட்டு வாங்குங்க. இந்தியாவுலயே டேட்டா சென்டர் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2015ல சென்னை, புனே, மும்பையில திறந்துச்சு. அமேசான் 2016ல மும்பை, 2022ல ஹைதராபாத்.

4. வெளியே வர வழி இருக்கான்னு பாருங்க. நம்ம டேட்டாவை முழுசா இறக்கிக்க முடியலன்னா அது வாடகை வீடு இல்ல, அடமானம்.

5. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்ல.

கடைசியில மாமாவுக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன்: ஒரு பிரதி மும்பையில, ஒரு பிரதி அத்தையோட பீரோவுல. அவர் அதை மடிச்சு பேரேட்டுக்குள்ள வச்சுக்கிட்டார். பில் பேப்பரை எடைக்குப் போடுறதையும் நிறுத்திட்டார். ஆறு வருஷத்துக்கு மேல வச்சிருக்கணும்னு ஆடிட்டர் சொன்னதை இனி நான் சொன்னாலும் மீற மாட்டாராம். :-)

இப்ப ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி காலையில போன் வரும். "மருமவனே, போன வருசம் ஆடி மாசத்துல ஏதாவது ஒரு பெயிண்ட் பில்லை மேல இருந்து எடுத்துக் காட்டு பாப்போம்." நான் எடுத்து அனுப்பணும். அனுப்பினாத்தான் அன்னிக்குக் கடை திறப்பார். எங்க ஆபீஸ்ல இவ்வளவு ஒழுங்கா யாரும் பேக்கப்பைச் சோதிச்சுப் பார்த்து நான் பார்த்ததில்ல.

உங்க வீட்டுக் கணக்கு, போட்டோ, அப்பா அம்மா பத்திரம் எல்லாம் எந்த ஊர்ல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. தெரியலன்னா முதல்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: பரோட்டா மாஸ்டர் உதாரணம் பிடிச்சதால அடுத்த பதிவு பசியில்லாத நேரத்துல எழுதப்படும்.